வழியம்பலத்தில் இருந்தவர்கள்

முலுண்ட், பம்பாய்
16.1.1994

அன்புள்ள தங்கை பிரேமாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். உன் கால் வீக்கம் வற்றியதா? இரண்டு பஸ் மாறி வெள்ளறடைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறவள் ராத்திரியாவது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும் என்று உன் மைனி லேகா எழுதச் சொல்கிறாள்.

ஒரு நல்ல செய்தி. நம் வீட்டுக்குக் கிழக்கே பழைய ரோட்டோரம் நிற்கும் வழியம்பலத்தைப் பற்றி டெல்லியில் ஓர் அறக்கட்டளைக்கு இங்குள்ள எங்கள் ஊர்க்காரர் சங்கத்தின் பேரில் எழுதிப் போட்டிருந்தேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வழிப்போக்கர்கள் தங்குவதற்காக மகாராஜா காலத்தில் கட்டிய கல்மண்டபம், ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் சர்ச், நடுவில் இரண்டு பக்கத்தாரும் தண்ணீர் கோரிய கிணறு. இப்படி ஓர் இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம். பழைய கட்டடம் நிமிர வேண்டும், அதை வைத்து ஊரும் ஒன்றுசேர வேண்டும். அதற்குத்தான் நிதி தருகிறார்கள். கோயிலா சர்ச்சா, யார் சத்தம் பெரிது என்று நடந்த மைக் செட் தகராறுக்குப் பிறகு ஒருவர் கல்யாணத்துக்கு இன்னொருவர் போகாத ஊர் நம்முடையது. இதைவிட நல்ல வாய்ப்பு வருமா?

கோயில்காரர்களும் சர்ச் சபைக்காரர்களும் சரிபாதியாக ஒரு கமிட்டி வேண்டும். மண்டபம் காலியாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. செயலாளராக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பேசக்கூடியவர் உன்னைவிட்டால் யார்? சபைப் பக்கத்தில் என்னோடு படித்த ஜெயதாஸ் இருக்கிறான். அவனுக்கும் எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எதிர்பார்க்கும்,
அண்ணன் கருணாகரன்


உதியன்குளங்கரை
6.2.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரேமா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. மைனிக்கும் அஸ்வந்துக்கும் என் அன்பு. கால் அப்படியேதான் இருக்கிறது. காலையில் வற்றும், சாயங்காலம் வீங்கும்.

செயலாளராக இருக்கிறாயா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் கொடுத்துவிட்டீர்கள். சரி. ஜெயதாஸ் அண்ணன் உற்சாகமாக இருக்கிறார். கோயில் தலைவரின் வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை சாயா தந்தார். அதனால் வருவார் என்று நினைக்கிறேன்.

மண்டபம் காலியாக இல்லை அண்ணா. நீங்கள் பம்பாய்க்குப் போன பிறகு நடந்தது என்பதால் எழுதுகிறேன். அங்கே சத்தியபாயும் அவள் புருஷன் பொன்னப்பனும் குடியிருக்கிறார்கள். அவள் சபைக்காரி, அவன் கோயில் பக்கத்து ஆள். நெய்யாற்றின்கரைப் பதிவு ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது இரண்டு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. அன்று ராத்திரி வழியம்பலத்தில் ஏறிப் படுத்தவர்கள்தான். இருபது வருடத்துக்கு மேலாகிறது. சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் விற்கிறார்கள். அவன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு கயிற்றுக் கட்டிலோடு கிடக்கிறான். அவள் ஒருத்திதான் கடையைப் பார்க்கிறாள். இவர்களை என்ன செய்வது என்று எழுதுங்கள்.

அங்கே குளிர் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

தங்கை பிரேமா


முலுண்ட், பம்பாய்
27.2.1994

அன்புத் தங்கைக்கு,

நலம். நலம்தானே? இது பம்பாய், டெல்லி அல்ல. இங்கே என்ன குளிர்!

அந்தச் சாயக்கடை ஆட்களைப் பற்றி நீ கவலைப்படாதே. நல்ல வார்த்தை சொன்னால் கேட்பார்கள். ஜங்ஷனில் ஒரு முறி, சின்ன அறையானாலும் போதும், வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கக் கமிட்டியால் முடியாதா? புராதனமான ஒரு கட்டடத்துக்குள் அடுப்பு எரிப்பது சரியல்ல. தூண்களெல்லாம் கரி பிடித்திருக்கும். கல்வேலைக்கு மயிலாடியிலிருந்து ஆட்களை வரவழைக்கலாம் என்று ஜெயதாஸ் எழுதியிருக்கிறான். மழைக்கு முன்னால் வேலை தொடங்க வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

உன்னால் முடியும். அப்பாவின் மகளல்லவா நீ.

அன்புடன்,
அண்ணன்


உதியன்குளங்கரை
24.4.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதுங்கள். பரீட்சைப் பேப்பர் திருத்தியதில் பதில் போட இவ்வளவு நாளாகிவிட்டது.

போன ஞாயிறு சாயங்காலம் நூலகத்தில் கமிட்டி கூடியது. சத்தியபாயைக் கூப்பிட்டு அனுப்பினோம். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் வாசல் நடையிலேயே நின்றுகொண்டாள்.

கோயில் தலைவர் நல்ல வார்த்தையாகத்தான் ஆரம்பித்தார். "நாட்டுக்கு ஒரு நல்ல காரியம் வருது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் ஒதுங்கித் தரணும்."

"ஒதுங்கித்தானே இத்தற வருஷம் அதுக்குள்ள கெடந்தோம்," என்றாள். "இனி எங்க ஒதுங்க?"

ஜெயதாஸ் அண்ணன், "சத்தியபாய், உனக்க ஆளுக ஆராவது உண்டுமா? அவியகிட்ட வேணும்னா நான் பேசியேன்," என்றார்.

"எனக்க ஆளுக நீங்கதானே சார். சபையில எனக்க பேர வெட்டினது நீங்களாக்கும். அவருக்க ஆளுக அந்தா அந்தப் பக்கம் இரிக்காவ. நீங்க எல்லாவரும் ஒரே பெஞ்சில இரிக்கத இண்ணைக்குத்தான் நான் பாக்கியேன்."

ஜெயதாஸ் அண்ணன் தீர்மான நோட்டைத் திறந்தார். ஜங்ஷனில் ஒரு முறி பார்த்துக் கொடுப்பது, மே மாதக் கடைசிக்குள் காலி செய்வது என்று தீர்மானம் ஆயிற்று. எல்லாக் கைகளும் உயர்ந்தன. மைக் செட் தகராறுக்குப் பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு இது. கூட்டம் முடிந்ததும் தலைவரும் ஜெயதாஸ் அண்ணனும் கைகொடுத்துக்கொண்டார்கள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நோட்டீஸை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். செயலாளர் அல்லவா. அவள் வாங்கி, படிக்காமல் ஜம்பருக்குள் வைத்துக்கொண்டு, "டீச்சருக்குச் சாயா எடுக்கட்டா?" என்றாள். குடித்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

களைப்பாக இருக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

பிரேமா


உதியன்குளங்கரை
3.7.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மே மாதம் நீங்கள் எழுதிய கடிதம் அப்போதே கிடைத்தது. பதில் தாமதம்.

மண்டபம் காலியாகிவிட்டது. வேலை தொடங்கிவிட்டார்கள். மழை பலமாகப் பெய்கிறது. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும்படி நிற்கிறது.

மைனியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிரேமா


முலுண்ட், பம்பாய்
18.9.1994

அன்புத் தங்கை பிரேமாவுக்கு,

உனக்கு என்ன ஆயிற்று? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஓணத்துக்கு இரண்டு வரி எழுதக்கூடவா நேரமில்லை? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. மைனி தினமும் கேட்கிறாள்.

ஜெயதாஸ் படங்கள் அனுப்பியிருந்தான். கல்தூண்களைக் கழுவி நிறுத்தியிருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் பிள்ளைகளும் சபைப் பிள்ளைகளும் வரிசையாக நின்று மண் சட்டி கைமாற்றுகிற படம் ஒன்று. அதை எங்கள் சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன். ஒரு படத்திலும் உன்னைக் காணோமே?

டிசம்பர் 28 திறப்பு விழா. நாங்கள் மூன்று பேரும் கிறிஸ்மஸ் அன்று வந்து சேருகிறோம். மேற்கு அறையைத் தூசி தட்டி வை. அஸ்வந்துக்கு அவன் அப்பா படித்த அறையில் படுக்க வேண்டுமாம்.

உடனே பதில் போடு.

அண்ணன்


பாறசாலை
10.10.1994

பிரியமுள்ள கருணாகரனுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். வீட்டில் என் மனைவி விமலகுமாரி உன்னையும் லேகாவையும் விசாரிக்கிறாள்.

உன் தங்கையைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த விஷயம் உனக்குத் தெரியாது என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஜூன் மாதத்திலிருந்தே சத்தியபாயும் பொன்னப்பனும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மேற்கு அறையில். பிரேமா கமிட்டிக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். நாங்கள் அதை ஏற்றுக்கொள்ளாமல் வைத்திருக்கிறோம். விழா நோட்டீஸில் அவள் பெயரைப் போடவா என்று கேட்டேன். "போடப்பிடாது," என்றாள்.

கோயில் பக்கத்திலும் சபைப் பக்கத்திலும் ஆட்கள் ஒவ்வொன்று பேசுகிறார்கள். கமிட்டி கஷ்டப்பட்டுச் சேர்ந்து நிற்கிற நேரம் இது. நீ ஒரு வார்த்தை எழுது. நான் குறை சொல்வதாக நினைக்காதே.

உன்
ஜெயதாஸ்


முலுண்ட், பம்பாய்
20.10.1994

பிரேமாவுக்கு,

ஜெயதாஸ் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? நாலு மாதம்! அது உன் வீடு மட்டுமல்ல. அப்பா நம் இரண்டு பேருக்கும் வைத்துவிட்டுப் போனது. ஊரை ஒன்றுசேர்க்க நான் இங்கே ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்கிறாய். அவர்களை எங்காவது அனுப்பிவிட்டு எனக்கு எழுது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசுகிற விஷயமாக இருந்தால் கூப்பிட்டே பேசியிருப்பேன்.

கருணாகரன்


உதியன்குளங்கரை
13.11.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். நடந்ததை எழுதுகிறேன்.

ஜங்ஷனில் பேசி வைத்த முறியின் சொந்தக்காரர், வருகிறவர்கள் யார் என்று தெரிந்ததும் தர முடியாது என்றுவிட்டார். கமிட்டியில் சொன்னேன். வேறு பார்க்கலாம் என்றார்கள். மறுநாளே கல்வேலைக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நல்ல மழை. பஸ்ஸிலிருந்து இறங்கினால், பூட்டிய ரேஷன் கடையின் தாழ்வாரத்தில் அவர்கள். கயிற்றுக் கட்டிலில் பொன்னப்பன், மேலே டார்பாலின். அவள் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "மழ விட்டதும் போயிருவோம் டீச்சர்," என்றாள், நான் என்னவோ விரட்ட வந்தவள் போல.

"எங்க போவிய?"

"அத மழ விட்ட பெறவு யோசிக்கணும்."

நோட்டீஸில் இருந்தது என் கையெழுத்து அண்ணா. கமிட்டியில் உள்ள மற்றவர்கள் அன்று அந்த வழியாக வரவில்லை. நான் வந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஓர் ஆட்டோக்காரரையும் சுமட்டுக்காரர் ஒருவரையும் பிடித்துக் கட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேற்கு அறைக்குத்தான் படி இல்லை, குளிமுறியும் பக்கத்தில். அதனால் அங்கே. ஒரு ராத்திரிக்கு என்றுதான் நினைத்தேன். மழை விட்டது. நான் போகச் சொல்லவில்லை. போகட்டுமா என்று அவர்களும் கேட்கவில்லை.

உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினால் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒன்றைச் செய்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதவில்லை.

பாதி வீடு உங்களுடையது. சரிதான். மேற்கு அறை எந்தப் பாதியில் வரும் என்று நாம் பிரித்துப் பார்த்ததில்லை. பிரிப்பதானால் அந்த அறை என் பாதியில் வரட்டும். கிழக்கே இருப்பதெல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான்தான் பூட்டி நான்தான் திறப்பேன். இப்போது நான் வரும்போது விளக்கு எரிகிறது. அவள் எனக்கு முன்னால் ஒரு சருவத்தில் வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து வைக்கிறாள். "காலத் தாழ்த்தி வையுங்க டீச்சர்" என்கிறாள். அவன் உள்ளேயிருந்து அன்றைய பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறான். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எழுந்து போய் அவர்களிடம் வீட்டை விட்டு இறங்கச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இன்னொரு நோட்டீஸ் எழுதவும் தெம்பில்லை.

நீங்கள் வந்தால் என் அறையில் தங்கலாம். நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன். மைனிக்கும் அஸ்வந்துக்கும் என் அன்பு.

தங்கை பிரேமா


முலுண்ட், பம்பாய்
15.1.1995

பிரேமாவுக்கு,

சுகமாக இங்கே வந்து சேர்ந்தோம். அஸ்வந்துக்கு ரயிலில் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது.

விழா நன்றாக நடந்தது. நீ வரவில்லை. கோயில் பஜனைக்காரர்களும் சர்ச் பாட்டுக்காரர்களும் ஒரே மேடையில் பாடினார்கள். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாடு முழுக்க இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். நன்றி என்று சொன்னேன்.

ஜெயதாஸ் வீட்டில் தங்கியதைப் பற்றி நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. விழாவுக்கு மறுநாள் காலையில் நான் நம் வீட்டுக்கு வந்தேன். உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ மருந்துக்கடைக்குப் போயிருந்தாய். அந்தப் பெண் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மேற்கு அறையில் அவன் மட்டும். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "வாருங்க, இரிங்க. டீச்சர் இப்பம் வரும்," என்று கட்டில் ஓரத்தில் கிடந்த துண்டை நகர்த்தி இடம் காட்டினான். நான் நின்றுகொண்டே இருந்தேன். யார் என்றும் சொல்லவில்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மைனி உன்னைப் பார்க்காமல் வந்ததில் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

கருணாகரன்


உதியன்குளங்கரை
26.3.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வந்து போனது எனக்குத் தெரியாது. பொன்னப்பன், யாரோ ஒரு நல்ல மனுஷன் வந்து போனார் என்று மட்டும் சொன்னான். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இப்போது எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

பொன்னப்பன் போன வியாழக்கிழமை காலையில் இறந்துபோனான். நெஞ்சில் கபம் கட்டி ஒரு வாரமாகவே மூச்சு விடச் சிரமப்பட்டான்.

தகவல் சொன்னதும் அவனுடைய அண்ணன் தம்பிமார் வந்தார்கள். முற்றத்தில் ஏறாமல் ரோட்டில் நின்றார்கள். குடும்ப நிலத்தில் புதைக்க இடமில்லை, பாகம் பிரித்தாயிற்று என்றார்கள். ஜெயதாஸ் அண்ணன் வந்து சத்தியபாயிடம் குனிந்து, கல்லறைத் தோட்டம் சபையில் பெயர் உள்ளவர்களுக்குத்தான், நியமம் அப்படி, என்றார். சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கை விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் நம் வீட்டுத் தெற்கு மூலையைக் காட்டினேன். அப்பாவையும் அம்மாவையும் வைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பலாமரத்துக்கு இந்தப் பக்கம்.

ஜெயதாஸ் அண்ணன் போய்விட்டார். போகட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேட்டியை மாற்றிச் சாரம் உடுத்து, கையில் மண்வெட்டியோடு திரும்பி வந்தார். அவர் தலைமாட்டுப் பக்கம் வெட்டத் தொடங்கினார். அதைப் பார்த்து நின்ற பொன்னப்பனின் தம்பி ரோட்டிலிருந்து ஏறி வந்து கால்மாட்டுப் பக்கம் வெட்டினான். இரண்டு பேரும் ஒரே குழியில் நின்றார்கள். அதைப் படமெடுக்கத்தான் ஆளில்லை. பாதிக் குழி ஆனபோது ஜெயதாஸ் அண்ணன் நிமிர்ந்து, "பிள்ளே, கருணாக்கிட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்," என்றேன்.

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னு சொன்னாரு."

அவர் மறுபடியும் குனிந்து வெட்டினார்.

உங்கள் பெயரில் பொய் சொன்னேன் அண்ணா. நீங்கள் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவனை இனி எடுக்க முடியாது.

வழியம்பலத்துக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்து, கடைசியில் இரண்டு பூட்டு. ஒன்று கோயிலில், ஒன்று சர்ச்சில். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் கதவுக்கு வெளியே கல்லை ஒட்டி நின்றுவிட்டுப் போகிறார்கள்.

சத்தியபாய் பேசுவது குறைந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் விளக்கு ஏற்றிவிடுகிறாள்.

மைனியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

தங்கை பிரேமா


முலுண்ட், பம்பாய்
9.4.1995

அன்புள்ள பிரேமாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. ஜெயதாஸும் எழுதியிருந்தான். நீ என்னைக் கேட்டுத்தான் செய்தாயா என்று விசாரித்திருந்தான். கோயில் பக்கத்திலும் அதைத்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

நீ கேட்டாய். நான் சரி என்றேன். ஜெயதாஸுக்கும் அப்படியே பதில் எழுதிப் போட்டுவிட்டேன்.

மைனி சத்தியபாயை விசாரிக்கிறாள்.

அண்ணன்